தீயணைப்பு வீரர்களுக்குப் புற்றுநோய் ஸ்கிரீனிங் வழிகாட்டி தயாரிப்பது எப்படி

2022 ஜூன் மாதம் பிரான்சின் லியோன் நகரில் கூடிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் நிபுணர் குழு, தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. 2007-இல் இதே முகமை ‘உண்டாக்கக்கூடும்’ என்ற அளவில், 2பி பிரிவில்தான் அதை வைத்திருந்தது. இப்போது அமெரிக்காவில் ஒரு தீயணைப்புத் துறையின் மருத்துவரிடமோ தொழிற்சங்க உடல்நலக் குழுவிடமோ வீரர்கள் நேராகக் கேட்கிறார்கள்: எந்தெந்தச் சோதனை, எந்த வயதில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் தர உட்காருபவர்களுக்கானது இது. ஆய்வுகளும் விதிமுறைகளும் அதிகம் உள்ள நாடு என்பதால் அமெரிக்காவையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆபத்து வேறு, பயன் வேறு

குழு கூடும் முதல் நாளே ஒன்றைப் பேசி முடித்துவிட வேண்டும். ‘இந்தப் புற்று தீயணைப்பு வீரர்களுக்கு அதிகம் வருகிறதா?’ என்பது ஒரு கேள்வி. ‘அறிகுறி இல்லாதபோதே தேடிப் பிடித்தால் (அதுதான் ஸ்கிரீனிங்) பிழைப்பவர்கள் கூடுவார்களா?’ என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு ‘ஆம்’ என்று பதில் வந்ததுமே, இரண்டாவதைக் கேட்காமல் சோதனையைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். இத்தகைய வழிகாட்டிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

லியோன் முடிவையே பாருங்கள். போதுமான ஆதாரம் இருப்பதாக அந்தக் குழு சொன்னது இரண்டு புற்றுகளுக்கு: மீசோதீலியோமா (உள்ளுறுப்புகளின் உறையில் வரும் புற்று), சிறுநீர்ப்பைப் புற்று. பெருங்குடல், புராஸ்டேட், விதைப்பை, தோலில் வரும் மெலனோமா, நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்று) ஆகிய ஐந்துக்கும் ஆதாரம் ஓரளவே. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா வீரர்களிடம் 58 சதவீதம் கூடுதல். சிறுநீர்ப்பைப் புற்று 16 சதவீதம் கூடுதல். ஆனால் மீசோதீலியோமாவை முன்கூட்டியே பிடித்து உயிரைக் காக்கும் ஸ்கிரீனிங் சோதனை இன்றுவரை இல்லை. பெருங்குடலுக்கு ஆதாரம் ஓரளவே என்றாலும் அதற்கு இருக்கும் சோதனைகள் உயிர் காப்பவை என்று நிரூபணமானவை. ஆபத்துப் பட்டியலின் வரிசையும் சோதனைப் பட்டியலின் வரிசையும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்.

சதவீதம் ஏமாற்றும் என்பதை ஒரு கணக்கு போட்டுக் குழுவுக்குக் காட்டிவிடுவது நல்லது. கணக்குக்காக ஆயிரம் வீரர்களில் ஒருவருக்கு அறிகுறியில்லாத சிறுநீர்ப்பைப் புற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் சோதனை, நோய் இல்லாத நூறு பேரில் 95 பேரைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்கிறது. அப்படியானால் நோயில்லாத 999 பேரில் சுமார் 50 பேருக்குத் தவறான பாசிட்டிவ் வரும். ஆபத்து 16 சதவீதம் கூடினால் அந்த ‘ஒருவர்’ 1.16 ஆவார். ஐம்பது ஐம்பதாகவே நிற்கும். அந்த ஐம்பது பேருக்கும் சிறுநீர்க் குழாய் வழியே கேமரா செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி தேவைப்படலாம். கரும்பலகையில் இதை ஒருமுறை எழுதிக் காட்டிவிட்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும். ஆபத்து இரண்டு மடங்கானாலும் கணக்கு பெரிதாக மாறாது என்பதையும் அப்போதே போட்டுக் காட்டுங்கள்.

ஒவ்வொரு சோதனையையும் சலிக்க வில்சனும் யுங்னரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1968-இல் வகுத்த அளவுகோல்கள் இன்றும் போதும். நோய் முக்கியமானதா, அறிகுறி தோன்றுமுன் கண்டுபிடிக்க அவகாசம் தரும் கட்டம் அதற்கு உண்டா, சோதனை பாதுகாப்பானதா, கண்டுபிடித்தால் வைத்தியம் கைவசம் இருக்கிறதா, எல்லோருக்கும் அது கிடைக்குமா. எதற்காவது ‘இல்லை’ என்று பதில் வந்தால் காரணத்தோடு எழுதி வையுங்கள். ஏன் சேர்க்கவில்லை என்று மூன்று ஆண்டு கழித்து ஒருவர் கேட்கும்போது அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

குழுவும் எல்லையும்

பத்துப் பேர் போதும். தொழில்சார் மருத்துவர், நோய்ப்பரவலியல் நிபுணர், குடும்ப மருத்துவர், சிறுநீரகவியல் (யூராலஜி), இரைப்பைக் குடலியல், நுரையீரல் மருத்துவர்கள், காப்பீட்டு விதிகள் தெரிந்த ஒருவர். பணியில் இருக்கும் வீரர் ஒருவர், ஓய்வுபெற்றவர் ஒருவர், பெண் வீரர் ஒருவர். இந்த மூவருக்கும் வாக்குரிமை உண்டு, பார்வையாளர்களாக உட்கார வைக்கக் கூடாது. ஸ்கேன் நடத்தும் நிறுவனமோ இரத்தச் சோதனை விற்கும் நிறுவனமோ வாக்களிக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் பண உறவுகளை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

அடுத்தது, யாருக்காக இந்த வழிகாட்டி? அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். துறை மருத்துவமனையை மட்டும் மனதில் வைத்து எழுதினால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள். காட்டுத்தீயில் வேலை செய்பவர்கள், தீவிபத்துக்குக் காரணம் தேடும் புலனாய்வாளர்கள், பயிற்சித் தளத்தில் தினமும் புகைக்குள் நிற்கும் பயிற்றுநர்கள் ஆகியோரைப் பெயர் சொல்லியே சேர்க்க வேண்டும். ஓய்வுபெற்றவர்கள் இன்னும் முக்கியம். பழைய கட்டடங்களில் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் நார் உடலில் புகுந்து மீசோதீலியோமா வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். பணி ஓய்வோடு மருத்துவக் கண்காணிப்பும் முடியும் துறையில், ஆபத்து உச்சத்துக்கு ஏறும் வயதில் அந்த மனிதரைப் பார்க்க யாரும் இல்லை.

ஆதாரத்தைப் படிக்கும்போது

அடிப்படையாக எடுத்துக்கொள்ள வேண்டிய ஆய்வுகளில் ஒன்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் நடத்தியது. சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, பிலடெல்பியா நகரங்களில் 1950 முதல் 2009 வரையிலான ஏறத்தாழ 30,000 வீரர்களின் பதிவுகளைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். புற்றுநோய் கண்டறியப்படுவது 9 சதவீதமும் புற்றுநோய் மரணம் 14 சதவீதமும் கூடுதலாக இருந்தன. மீசோதீலியோமா ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இத்தகைய எண்களில் இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். வீரர்கள் தேர்வின்போதே உடல் தகுதி பார்த்து எடுக்கப்பட்டவர்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் அவர்களுடைய உண்மையான ஆபத்து குறைவாகத் தெரியும். மறுபக்கம், ஆண்டுதோறும் மருத்துவரிடம் போகிறவரிடம் புராஸ்டேட், மெலனோமா, தைராய்டு போன்றவை அதிகம் கண்டுபிடிக்கப்படும், ஏனென்றால் அங்கே அதிகம் தேடுகிறார்கள். ஆகவே நோய் கண்டறியப்பட்ட எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் இறப்பு எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கண்டுபிடிப்பு மட்டும் ஏறி, இறப்பு அசையாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

பெண் வீரர்களைப் பற்றிய தரவு மிகக் குறைவு. ஆய்வுகளில் அவர்கள் சொற்பமாகவே இருந்தார்கள். இதை வழிகாட்டியில் வெளிப்படையாக எழுதுங்கள். ‘ஆபத்து இல்லை’ என்பதும் ‘யாரும் பார்க்கவில்லை’ என்பதும் ஒன்றல்ல.

அடித்தளம் பொது வழிகாட்டி. அதன் மேல்தான் தொழில்

வெற்றுத் தாளிலிருந்து தொடங்காதீர்கள். அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு பொதுமக்களுக்குச் சொன்னதை முதல் வரியாக எழுதி, ‘வீரர்களுக்கு இதை மாற்ற ஆதாரம் உண்டா?’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மாற்றினால் காரணத்தையும், அந்தக் காரணம் நேரடி ஆதாரமா குழுவின் கருத்தா என்பதையும் பிரித்துக் காட்டுங்கள்.

ஓராண்டு உழைத்துப் புதுச் சோதனைகள் தேடும் துறைகளில்கூட, பொதுமக்களுக்கு ஏற்கெனவே பரிந்துரைக்கப்பட்ட, பெருங்குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியைச் செய்துகொள்ளாத 50 வயதுக்காரர்கள் இருப்பார்கள். எங்கள் கணிப்பில், ஒரு துறை எடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள முதல் படி இந்த இடைவெளியை அடைப்பது. அதற்குப் புது ஆராய்ச்சி தேவையில்லை. பெயர்ப் பட்டியலும் தொலைபேசியும் போதும்.

அடித்தளம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அமெரிக்கத் தாளை அப்படியே மொழிபெயர்த்து வேறொரு நாட்டில் ஒட்ட முடியாது. இந்தியாவில் 2016-இல் வந்த அரசு நடைமுறை 30 வயது முதல் 65 வரை வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையும்தான் பார்க்கச் சொல்கிறது. புகையிலை மெல்லும் வழக்கம் உள்ள இடத்தில் வாய்ப் பரிசோதனையை விட்டுவிட்டுப் பெருங்குடலில் தொடங்கும் வழிகாட்டி தமிழ்நாட்டு வீரருக்குப் பொருந்தாது.

உறுப்பு வாரியாக

பெருங்குடல். 45 முதல் 75 வயது வரை. ஆண்டுதோறும் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காணும் ஃபிட் சோதனை, அல்லது 10 ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி. சில துறைகள் 40 வயதில் தொடங்கச் சொல்கின்றன. அது குழுவின் கருத்து என்ற அளவில்தான் நிற்கும், நேரடி ஆதாரம் அல்ல. ஃபிட் பாசிட்டிவ் வந்தால் அடுத்தது கொலனோஸ்கோப்பி. ‘இன்னொரு ஃபிட் செய்து பார்ப்போம்’ என்று எழுத இடமே தரக் கூடாது. நோயாளியும் சில நேரம் மருத்துவரும் விரும்பும் வழி அதுதான், ஆபத்தானதும் அதுதான். கொலனோஸ்கோப்பியைப் பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் முற்றிய புற்று அதிகம் கிடைத்தது.

நுரையீரல். 50 முதல் 80 வயது. நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டு புகைத்ததற்குச் சமமான கணக்கு. இப்போதும் புகைப்பவர் அல்லது 15 ஆண்டுக்குள் விட்டவர். இவர்களுக்கு ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன். விட்டு எத்தனை ஆண்டானது என்ற நிபந்தனையை அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2023-இல் எடுத்துவிட்டது. புகைக்கவே புகைக்காத வீரருக்கு என்ன என்பதில்தான் சண்டை வரும். 2011-இல் வெளியான தேசிய நுரையீரல் ஸ்கிரீனிங் ஆய்வு 53,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து, சி.டி. நுரையீரல் புற்று மரணத்தை 20 சதவீதம் குறைத்ததாகக் காட்டியது. அவர்கள் அத்தனை பேரும் கடுமையாகப் புகைத்தவர்கள். அதே ஆய்வில் பாசிட்டிவ் வந்த ஸ்கேன்களில் 96 சதவீதம் தவறான எச்சரிக்கை. புகைக்காதவரிடம் அந்த விகிதம் இன்னும் மோசமாகும். ஆகவே புகைக்காத வீரருக்கு வழக்கமான ஸ்கேன் வேண்டாம் என்பதே நாங்கள் எழுதும் வரி. தேர்வுப் படிவத்தில் ‘புகைப்பீர்களா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. நாளைக்கு எத்தனை, எந்த வயதிலிருந்து எந்த வயது வரை என்று கேளுங்கள். இல்லாவிட்டால் யார் தகுதி பெறுகிறார் என்று கணக்கிடவே முடியாது.

சிறுநீர்ப்பை. ஆதாரம் வலுவான புற்று, ஆனால் அறிகுறியில்லாதவர்களிடம் ஸ்கிரீனிங் பயன் தருமா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பது பணிக்குழுவின் 2011 முடிவு. பல துறைகள் ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் சிறுநீர்ச் சோதனையை ஏற்கெனவே செய்கின்றன. அதை நிறுத்தச் சொல்வது கடினம். எனவே செய்வதை ஒழுங்காகச் செய்ய வழி எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் சின்னச் சின்ன விவரங்கள் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

காலை ஏழு மணிக்குக் குழாய் இழுத்து, ஏணி ஏறி, கனத்த உடுப்போடு பயிற்சி முடித்த வீரர் ஒன்பது மணிக்கு மருத்துவ அறையில் கோப்பையில் சிறுநீர் தருகிறார். சோதனைக் குச்சி பச்சையாகிறது, அதாவது இரத்தம் இருக்கிறது என்கிறது. கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு சிறுநீரில் சில சிவப்பணுக்கள் வருவது இயல்பு. பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். தசை சிதைந்து அதன் புரதமான மயோகுளோபின் கலந்தாலும் அந்தக் குச்சி பச்சையாகும், நுண்ணோக்கியில் ஒரு சிவப்பணுகூடத் தெரியாது. அதுவும் அலட்சியப்படுத்தக் கூடாதது, ஆனால் அதற்கான அவசர வழி வேறு. மறுபக்கம், வைட்டமின் சி மாத்திரையை அதிகம் எடுத்தவரிடம் உண்மையான இரத்தம் இருந்தும் குச்சி நிறம் மாறாமல் இருக்கலாம். ஆகவே வழிகாட்டியில் இப்படி எழுதுங்கள்:

- சோதனைக்கு முந்தைய 72 மணி நேரம் கடும் பயிற்சி கூடாது. வைட்டமின் சி மாத்திரை வேண்டாம். மாதவிடாய் நாட்களில் எடுக்க வேண்டாம்.
- முதல் சிறுநீரை விட்டு நடுச் சிறுநீரைச் சேகரிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும்.
- குச்சி பாசிட்டிவ் என்பது முடிவல்ல. நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் புலத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் சிவப்பணுக்கள் இருந்தால்தான் இரத்தம் உறுதி.
- தொற்று இருந்தால் அதற்கு வைத்தியம் செய்து, பிறகு மறுசோதனை. இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்காகத் தேடலை விட்டுவிடக் கூடாது.

உறுதியானால் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டிப்படி ஆபத்து வகை பிரிக்க வேண்டும். அந்த வழிகாட்டி தொழிலில் பென்சீன் வகை வேதிப்பொருட்களுக்கு ஆளாவதைக் கூடுதல் ஆபத்துக் காரணியாகக் கணக்கில் எடுக்கிறது. தீப்புகையில் பென்சீன் உண்டு. ‘வயது 35, புகைப்பதில்லை’ என்ற காரணத்துக்காக வீரரைக் குறைந்த ஆபத்துப் பிரிவில் போட்டுவிடாமல் இருக்க, பரிந்துரைக் கடிதத்திலேயே தொழிலை எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இரத்தம் ஒரே ஒருமுறை வந்தாலும் அது ஸ்கிரீனிங் அல்ல. நேராகச் சிறுநீரகவியல் மருத்துவரிடம்.

புராஸ்டேட். சோதனை பி.எஸ்.ஏ., அந்தச் சுரப்பியின் புரதத்தை இரத்தத்தில் அளப்பது. பொதுமக்களுக்கு 55 முதல் 69 வரை, மருத்துவரோடு பேசி அவரவர் முடிவு செய்வது. 70-க்கு மேல் வேண்டாம் என்பது 2018 பரிந்துரை. வீரர்களுக்கு முன்கூட்டியே பேசத் தொடங்கலாம், கறுப்பின ஆண்களுக்கு அது இன்னும் பொருந்தும். ஆனால் ‘பேசுவது’ என்றால் எதைப் பேசுவது என்று எழுத வேண்டும். 55 முதல் 69 வயதுக்குட்பட்ட ஆயிரம் பேருக்குப் பல ஆண்டுகள் பி.எஸ்.ஏ. பார்த்தால் சுமார் 240 பேருக்குப் பாசிட்டிவ் வரும். 100 பேருக்குப் புற்று உறுதியாகும். 80 பேர் அறுவை அல்லது கதிர்வீச்சு எடுத்துக்கொள்வார்கள். அவர்களில் சுமார் 50 பேருக்கு விறைப்புக் கோளாறு வரும். தவிர்க்கப்படும் மரணம் ஒன்றுக்குச் சற்று மேல். இந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் அச்சிட்டு, இரத்தம் எடுப்பதற்கு முன்னால் கையில் கொடுங்கள். பின்னால் கொடுத்துப் பயனில்லை.

நடைமுறைத் தவறுகள் இங்கேயும் உண்டு. விந்து வெளியேற்றமும் கடும் சைக்கிள் ஓட்டமும் 48 மணி நேரம் கூடாது. சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். முடி கொட்டுவதற்கோ புராஸ்டேட் வீக்கத்துக்கோ ஃபினாஸ்டரைடு சாப்பிடுபவரின் பி.எஸ்.ஏ. பாதியாகக் காட்டும், 2.5 என்று வந்தால் அதை 5 ஆகப் படிக்க வேண்டும். படிவத்தில் இந்த மருந்தைப் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் பலர் முடி மாத்திரையை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

தோல். முழு உடல் தோல் பார்வை வலியில்லாதது, மலிவானது. ஆனாலும் பொதுமக்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பணிக்குழு 2023-இல் சொன்னது. ஜெர்மனி 2008 முதல் 35 வயதுக்கு மேற்பட்டோருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்கிறது. மெலனோமா மரணம் அதனால் தெளிவாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. சேர்ப்பதாக இருந்தால் ‘மருத்துவரோடு பேசி’ என்ற தரத்தில் சேருங்கள். கருத்த தோலில் மெலனோமா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும் என்பதால் பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி எழுதுங்கள்.

விதைப்பை. அறிகுறியில்லாதவருக்கு ஸ்கிரீனிங் வேண்டாம் என்பதே பொதுப் பரிந்துரை, ஏனென்றால் அறிகுறி தோன்றிய பிறகு கண்டுபிடித்தாலும் பெரும்பாலும் குணமாகிறது. ஆனால் இளம் வீரர்களுக்கு வலியில்லாத கட்டி என்றால் என்ன என்று சொல்லிக் கொடுங்கள்.

தைராய்டு. கழுத்து அல்ட்ராசவுண்ட் வேண்டாம். துறைகளுக்கு வந்து விற்கப்படும் ‘முழு உடல் அல்ட்ராசவுண்ட்’ பொதிகளில் இது இருக்கும், அதனால் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். தென்கொரியாவில் பரவலாகச் செய்தபோது 2011-இல் தைராய்டு புற்று எண்ணிக்கை 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. மரண எண்ணிக்கை அசையவில்லை. ஆயிரக்கணக்கானோர் தைராய்டை இழந்து ஆயுள் முழுக்க மாத்திரைக்கு வந்தார்கள்.

பெண்களுக்கு மார்பகம் 40 முதல் 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம். கருப்பைவாய் 21 முதல் 65 வரை. துறைப் படிவங்களில் இந்த இரண்டு வரியும் இல்லாமலே போவது உண்டு. இரவுப் பணியைப் பன்னாட்டு முகமை ‘அநேகமாக உண்டாக்கும்’ என்ற 2ஏ பிரிவில் வைத்திருப்பதும், 24 மணி நேரப் பணிமுறையில் இருப்பவர்களுக்கு அது பொருந்துவதும் குழுவின் கவனத்தில் இருக்க வேண்டும்.

பல புற்றுகளை ஒரே இரத்தக் குழாயில் தேடும் சோதனைகளை வீரர்கள் ஆவலோடு கேட்பார்கள். ஆவல் நியாயமானது. ஆனால் காலெரி என்ற சோதனை, அதன் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், முதல் கட்டப் புற்றுகளில் ஆறில் ஒன்றைத்தான் பிடித்தது. நான்காம் கட்டத்தில் பத்தில் ஒன்பதைப் பிடித்தது. பிடிக்க வேண்டிய கட்டத்தில் தவறவிடும் சோதனையில் ‘நெகட்டிவ்’ வந்தால், கொலனோஸ்கோப்பி வேண்டாம் என்று வீரர் நினைத்துக்கொள்வார். ஆராய்ச்சியாக, சம்மதத்தோடு செய்யலாம். வழிகாட்டியின் பரிந்துரையாக வேண்டாம்.

பரிந்துரை வரியை எழுதுவது

‘வீரர்கள் தவறாமல் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்’ என்ற வரியால் யாரும் எதுவும் செய்ய முடியாது. யாருக்கு, எந்தச் சோதனை, எந்த வயதில் தொடங்கி எந்த வயதில் நிறுத்துவது, எவ்வளவு இடைவெளி, எந்த எண்ணுக்கு மேல் பாசிட்டிவ், பாசிட்டிவ் வந்தால் யார் எத்தனை நாளில் என்ன செய்வது: ஏழும் ஒரே பத்தியில் இருக்க வேண்டும். நிறுத்தும் வயதுதான் அடிக்கடி விடுபடும். தரம் மூன்று போதும்: செய்க, பேசி முடிவெடுக்க, செய்ய வேண்டாம். மூன்றாவது பட்டியல் முதலாவதைப் போலவே விரிவாக இருக்கட்டும்.

பாசிட்டிவ் வந்த பிறகு

சோதனையைக் காப்பீடு ஏற்கும், தொடர் பரிசோதனையை ஏற்காது என்ற நிலை தன்னார்வலர்களிடம் அதிகம். ஒவ்வொரு சோதனைக்கும் அடுத்த இரண்டு படிகளுக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று தெரியாமல் அந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். முடிவைச் சொல்லும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்க வேண்டும், அவர் பெயர் துறை முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை குறுஞ்செய்தியில் முடிவு அனுப்பக் கூடாது. கேள்வி கேட்க மனிதர் இருக்கும் நேரத்தில் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பாசிட்டிவ் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேட்டு வரி: சோதனைத் தேதி, சொன்ன தேதி, நிபுணரைப் பார்த்த தேதி, முடிவு. காலியாக இருக்கும் கட்டத்தை மாதம் ஒருமுறை செவிலியர் பார்த்துத் தொலைபேசியில் கேட்க வேண்டும்.

ரகசியம்

வீரர்கள் வராமல் போவதற்குப் பெரிய காரணம், முடிவு மேலதிகாரிக்குப் போய் வேலை போய்விடுமோ என்ற பயம். பணித் தகுதி மருத்துவப் பரிசோதனையையும் புற்றுநோய் ஸ்கிரீனிங்கையும் தனித்தனிக் கோப்பில் வையுங்கள். துறைக்குப் போவது ‘பணிக்குத் தகுதி’ அல்லது ‘தகுதியில்லை’ என்ற ஒரு சொல் மட்டும். அமெரிக்காவில் 2008-இல் வந்த மரபணுத் தகவல் பாகுபாடு தடைச் சட்டப்படி குடும்பத்தில் யாருக்குப் புற்று இருந்தது என்பதும் மரபணுத் தகவலே. வேலை தருபவர் அதைக் கேட்கக் கூடாது. பெருங்குடல், மார்பகம், புராஸ்டேட் மூன்றுக்கும் அந்தத் தகவல் தேவை. எனவே அந்தக் கேள்வியை வீரரின் சொந்த மருத்துவர் கேட்க வேண்டும், அல்லது விருப்பத்தின் பேரில் எழுத்துச் சம்மதத்தோடு, துறை பார்க்க முடியாத படிவத்தில் இருக்க வேண்டும். பழைய படிவங்களை எடுத்து இந்தக் கேள்வி எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள்.

வழிகாட்டியோடு சேர வேண்டிய மூன்று தாள்கள்

குடும்ப மருத்துவருக்கான ஒரு பக்கக் கடிதம் முதலாவது. பல மருத்துவர்களுக்கு 2022 முடிவு தெரியாமல் இருக்கலாம். 34 வயது வீரர் மலத்தில் இரத்தம் என்று சொன்னால் மூலநோயாக இருக்கும் என்று அனுப்பிவிடலாம். தொழில், பணி ஆண்டுகள், லியோன் முடிவின் ஏழு புற்றுகள் ஆகியவை அதில் இருக்கட்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இரண்டாவது: சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம், விதைப்பையில் கட்டி, மாறும் மச்சம், ஆறாத இருமல், காரணமில்லாத எடை இழப்பு, கழுத்திலோ அக்குளிலோ நெறிக்கட்டு. போன மாதம்தான் ஸ்கிரீனிங் சரியாக வந்தது என்பது இவற்றில் எதையும் தள்ளிப்போடக் காரணமல்ல என்ற வரி தடித்த எழுத்தில் வேண்டும்.

மூன்றாவது, வெளிப்பாட்டுப் பதிவு: தேதி, எந்த வகைத் தீ, எத்தனை நிமிடம் உள்ளே, மூச்சுக் கருவி எப்போது கழற்றப்பட்டது, உடுப்பு துவைத்த நாள். தீயணைத்து முடித்து எரிந்ததைக் கிளறும் கட்டத்தில்தான் பலர் முகமூடியைக் கழற்றுகிறார்கள், அந்த நிமிடங்களைத் தனியாகக் குறிக்கக் கட்டம் இருக்கட்டும். 2023 ஏப்ரலில் திறந்த தேசியத் தீயணைப்பு வீரர் புற்றுநோய்ப் பதிவேட்டில் புற்று வந்தவர், வராதவர், ஓய்வுபெற்றவர், தன்னார்வலர் என எல்லோரும் சேரலாம். இணைப்பு விவரத்தை இதே தாளில் கொடுங்கள். தீ முடிந்த இடத்திலேயே சோப்புத் தண்ணீரால் கழுவினால் உடுப்பின் மேற்பரப்பிலிருந்து, எரியும்போது உண்டாகும் நச்சுகளான பல வளைய ஹைட்ரோகார்பன்களில் 85 சதவீதம் போனது, துடைப்புத் தாளால் கழுத்தைத் துடைத்தால் தோலிலிருந்து பாதிக்கு மேல் போனது என்ற அளவீடுகளையும் சேருங்கள். எந்த ஸ்கேனுக்கும் முன்னால் செய்யக்கூடியது அது.

வெளியிடுவதும் திருத்துவதும்

முதலில் ஒரே நிலையத்தில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் 90 நாளில் அடுத்த படியை முடித்தார்கள், தவறான பாசிட்டிவ் எத்தனை, சோதனையால் வந்த சிக்கல் எத்தனை என்று எண்ணுங்கள். ஆண்டு மருத்துவப் பரிசோதனைக்கு அமெரிக்கத் துறைகள் பின்பற்றும், தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) 1582 விதிமுறை இப்போது 1580-க்குள் சேர்க்கப்பட்டிருப்பதால், மேற்கோள் எண்கள் பழையதாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் மறுபரிசீலனைத் தேதி போடுங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அந்தத் தேதியைப் பார்த்துக் குழுவைக் கூட்ட வேண்டியவரின் பதவியையும் அதே வரியில் எழுதுங்கள். ஆளின் பெயரை எழுதினால் அவர் மாற்றலாகிப் போனதும் அந்தத் தேதி யாருக்கும் நினைவில் இருக்காது.